அட்டையின் பின்பக்கம்

நூலகக் கணினியில் ஒரு தலைப்பைத் தட்டுகிறேன். 'முடிவுகள் ஏதுமில்லை' என்று வருகிறது. புத்தகம் கிடைக்கவில்லையே என்ற ஏமாற்றம் சீக்கிரம் போய்விடும், வேறு இடத்தில் தேடிக்கொள்ளலாம். போகாமல் தங்கிவிடுவது வேறொன்று. இந்த 'இல்லை'யைச் சொன்னது யார்? அலமாரி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒருவர் சொன்ன இல்லை அல்ல அது. நான் தட்டிய எழுத்துகளும் எப்போதோ எங்கேயோ யாரோ தட்டிய எழுத்துகளும் பொருந்தவில்லை என்பதற்குமேல் அதற்குப் பொருள் கிடையாது. புத்தகம் பத்தடி தூரத்தில் இருக்கலாம், இருந்தும் இருக்கிறது. பழைய அட்டை இழுப்பறைக்கு இப்படி ஒரே சொல்லில் கையை விரிக்கத் தெரியாது. கேட்ட தலைப்பு இல்லாவிட்டாலும் அது இருந்திருக்க வேண்டிய இடம் அங்கே இருந்தது, அந்த இடத்துக்கு முன்னால் ஒரு அட்டையும் பின்னால் ஒரு அட்டையும் இருந்தன. ஒன்றைத் தேடப்போய் இன்னொன்றைக் கண்டடைந்த மகிழ்ச்சியைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் அதை மறுபடி எழுதப்போவதில்லை. என்னை உறுத்துவது பொறுப்பு பற்றிய கேள்வி. ஒரு புத்தகத்தைப் பற்றி 'இது இன்னது' என்று முதலில் எழுதியவர் ஒருவர் இருந்தார். அவர் இன்று எங்கே இருக்கிறார், அவரிடம் போய்க் கேட்க முடியுமா என்ற கேள்விதான் நாள்பட்ட முள்ளாக உள்ளே நிற்கிறது.

எந்த நூலகத்திலும் வாசகர் கண்ணில் படாத ஓர் அறை உண்டு. தொழில்நுட்பப் பிரிவு என்று பலகை தொங்கும். பதிப்பகத்திலிருந்து வந்த கட்டுகளின் சணல் அங்கேதான் அறுபடும். பில்லோடு சரிபார்த்து, அக்செஷன் ரிஜிஸ்டரில் ஒரு வரி எழுதி, அந்த எண்ணைத் தலைப்புப் பக்கத்தின் பின்னாலும் ஊழியர்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசியப் பக்கத்திலும் போட்டு, முத்திரை குத்தி, தேதிச் சீட்டை ஒட்டி, முதுகில் வெள்ளைத் துண்டில் எண் எழுதுவது வரை எல்லாம் அங்கேதான். பசையும் முத்திரை மையும் கலந்த வாசனை. இத்தனை கைவேலைக்கும் நடுவில் ஒரே ஒரு மேஜை வேறுவிதமானது. அங்கே இருப்பவர் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்னுரையைப் படிப்பார், உள்ளடக்கத்தைப் பார்ப்பார், நடுவில் ஓர் அத்தியாயத்தைப் புரட்டுவார். பிறகு ஏழரைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அட்டையில் எழுதத் தொடங்குவார். ஆசிரியர் பெயருக்கு ஓர் அட்டை, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்றோ இரண்டோ. இந்தப் புத்தகத்துக்கு இன்னின்ன அட்டைகள் போடப்பட்டுள்ளன என்ற குறிப்பு முதன்மை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். நாளைக்குப் புத்தகம் தொலைந்தாலோ கழிக்கப்பட்டாலோ எந்தெந்த இழுப்பறையிலிருந்து எதை உருவவேண்டும் என்பதற்கான வழித்தடம் அது. சில நூலகங்களில் அதே பின்பக்கத்தில், மூலையில், எழுதியவரின் முதலெழுத்துகளும் இருக்கும். அட்டைகளை அடுக்குவதிலும் ஒரு முறை இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அட்டையை இழுப்பறையின் இரும்புக் கம்பிக்கு மேலேயே செருகிவைப்பார். அது மற்ற அட்டைகளைவிடச் சற்றுத் தூக்கலாக நிற்கும். மூத்தவர் வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சரியாக இருந்தால் கம்பியை உருவி, அட்டையைக் கீழே இறக்கி, மறுபடி கம்பியைக் கோப்பார். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்த பிறகே ஒரு புத்தகம் பட்டியலுக்குள் நுழைந்தது.

அந்த மேஜையில் நடந்ததை வெறும் எழுத்துவேலை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒப்பாரிப் பாடல்களின் தொகுப்பு ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது நாட்டார் வழக்காற்றியலா? இசையா? சாவுச் சடங்கா? பெண்கள் பாடியது, ஆகவே பெண்களைப் பற்றியதா? குறிப்பிட்ட ஒரு சாதியாரிடம் திரட்டியது என்றால் மானிடவியலா? புத்தகம் ஒரே இடத்தில்தான் நிற்க முடியும். எங்கே நிற்கிறது என்பது யார் அதைக் கண்டெடுப்பார்கள் என்பதைத் தீர்மானித்துவிடும். இலக்கிய வரிசையில் நின்றால் கவிதை வாசகன் எடுப்பான். சமய வரிசையில் நின்றால் அவன் அந்தப் பக்கமே வரமாட்டான். ஆக, அட்டை எழுதுகிறவர் ஒரு புத்தகத்தை வாசித்து, அதைப் பற்றி ஒரு முடிவெடுத்து, அந்த முடிவை ஒரு பகுப்பு எண்ணாகச் சுருக்கிவிடுகிறார். விமரிசகனின் வேலையும் ஏறக்குறைய இதுதான், அவன் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறான் என்பதைத் தவிர. அந்தக் காலத்தின் வறுமையையும் மறைக்கக்கூடாது. ஒவ்வொரு பொருள் தலைப்புக்கும் ஓர் அட்டை தட்டச்சு செய்யவேண்டும், அடுக்கவேண்டும், இழுப்பறையில் இடம் வேண்டும். அதனால் ஐந்து வழிகளில் போய்ச் சேரவேண்டிய புத்தகத்துக்கு ஒரு வழியோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம். கை வலித்ததால் மூடப்பட்ட கதவுகள் அவை. எத்தனை புத்தகங்கள் அப்படித் தேடுவாரின்றிக் கிடந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இழுப்பறையின் மீது எனக்குள்ள மயக்கம் பாதி கலைந்துவிடுகிறது.

ஒரு நூலகம் எழுதியதை இன்னொரு நூலகம் படியெடுப்பது கணினியோடு வந்தது அல்ல. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தான் அச்சடித்த அட்டைகளை 1901இலேயே மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கிவிட்டது. ஒரு புத்தகத்தை ஓரிடத்தில் ஒருவர் நன்றாகப் படித்து எழுதிவிட்டால், ஆயிரம் ஊர்களில் ஆயிரம் பேர் ஏன் அதையே மறுபடி எழுதவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதே கேள்விதான் 1960களில் ஹென்ரியட் அவ்ரம் கையில் வேறு வடிவெடுத்தது. அவர் நூலகர் அல்ல, கணினி நிரல் எழுதுபவர். அட்டையில் இருப்பதை இயந்திரம் படிக்கும்படி எழுதுவது எப்படி என்று யோசிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு வந்தவர், அட்டையின் ஒவ்வொரு வரிக்கும், ஒவ்வொரு நிறுத்தக்குறிக்கும் அங்கே என்ன வேலை என்று நூலகர்களைக் கேட்டுக் கேட்டுப் பிரித்தார். அப்படிப் பிறந்த மார்க் என்ற பதிவு வடிவம் 1969இல் காந்த நாடாக்களில் ஏறி மற்ற நூலகங்களுக்குப் போகத் தொடங்கியது. ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245, பொருளுக்கு 650 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அரை நூற்றாண்டு கடந்தும் உலகின் பெரும்பாலான நூலகங்கள் இந்த எண்களில்தான் மூச்சு விடுகின்றன. இதில் ஒரு சின்ன விவரம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. 245ஆம் புலத்தில், தலைப்புக்கு முன்னால், ஓர் ஒற்றை இலக்கம் போடவேண்டும். வரிசைப்படுத்தும்போது தலைப்பின் தொடக்கத்தில் எத்தனை எழுத்துகளைத் தாண்டிப் போகவேண்டும் என்று அது இயந்திரத்துக்குச் சொல்கிறது. ஆங்கிலத் தலைப்பு 'தி' என்று தொடங்கினால், அந்த மூன்று எழுத்தையும் அடுத்த இடைவெளியையும் சேர்த்து 4. கம்பிக்கு மேலே அட்டை செருகிய பையனுக்கு இதை யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவன் அந்தச் சொல்லைத் தாண்டித்தான் அடுக்குவான். அவன் விரலுக்குத் தெரிந்திருந்ததை இயந்திரத்துக்காக எண்ணாக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. தமிழ்த் தலைப்புகளுக்கு அந்த இடத்தில் எப்போதும் 0தான். நம் மொழியில் அப்படி முன்னால் நிற்கும் சொல் கிடையாது. ஆனால் 'ஸ்ரீ' என்றும் 'அருள்மிகு' என்றும் தொடங்கும் தலபுராணங்களையும் கோயில் வரலாறுகளையும் எங்கே அடுக்குவது என்ற நம்முடைய சிக்கலை அந்த இலக்கத்தை வகுத்தவர்கள் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில் 133 புத்தகங்களுக்குப் பதிவு போட்டார்கள். தொலைவில் இருந்த பொதுக் கணினியோடு கம்பிவழி இணைந்து ஒரு நூலகம் பட்டியல் போட்டது அதுவே முதல் முறை. ஃபிரெட் கில்கோர் 1967இல் தொடங்கிய ஓசிஎல்சி என்ற அமைப்பின் கணினி அது. ஒரு நூலகம் எழுதிய பதிவை அடுத்த நூலகம் திரையில் பார்த்து, தன் எண்ணை மட்டும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம். விசித்திரம் என்னவென்றால், அந்தக் கணினி நெடுங்காலம் செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று அட்டை அச்சடிப்பது. நூலகம் நூலகமாக, அடுக்குவதற்கு ஏதுவாக வரிசைப்படுத்தப்பட்ட அட்டைகள் பெட்டிகளில் போய்ச் சேர்ந்தன. 2015 அக்டோபரில் கடைசி அட்டையை அச்சடித்து நிறுத்தும்போது மொத்தம் ஏறத்தாழ 190 கோடி அட்டைகள் ஆகியிருந்தன. இந்த எண்ணின் முன்னால் நான் சற்று நேரம் நிற்கிறேன். இயந்திரம் வந்த அன்றே அட்டை போய்விடவில்லை. போனது வேறொன்று, அது சத்தமில்லாமல் போயிற்று. மேஜையில் உட்கார்ந்திருந்தவரின் வேலை 'எழுதுவது' என்பதிலிருந்து 'ஏற்பது' என்று மாறியது. புத்தகம் வருகிறது, ஐஎஸ்பிஎன் எண்ணைத் தட்டுகிறார், பதிவு வந்து நிற்கிறது, தலைப்பும் பக்க எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார், ஏற்கிறார். முன்னுரையைப் படிக்க வேண்டிய காரணம் இப்போது அவருக்கு இல்லை. படிக்க நேரமும் தரப்படுவதில்லை. நாளுக்கு இத்தனை பதிவு என்று கணக்குக் கேட்கும் அலுவலகத்தில் ஒப்பாரித் தொகுப்பைப் புரட்டிக்கொண்டிருப்பவர் சோம்பேறி. சில இடங்களில் புத்தகமே அந்த அறைக்கு வருவதில்லை. விற்பனையாளரே முதுகுச் சீட்டும் பட்டைக் குறியீடும் ஒட்டி, பதிவையும் கோப்பாக அனுப்பிவிடுகிறார், அட்டைப்பெட்டி நேரே அலமாரிக்குப் போகிறது. முதலில் எழுதியவர் அவசரத்தில் ஒப்பாரியைச் சமயம் என்று எழுதியிருந்தால், ஒரு வீட்டில் வாங்கிய உறைமோர் தெரு முழுக்கத் தயிராவதுபோல், எல்லா ஊரிலும் அது சமயம்தான். முன்பு ஒரு நூலகர் தப்பாக எழுதினால் அடுத்த ஊர் நூலகர் சரியாக எழுதியிருக்க வாய்ப்பு இருந்தது. ஒன்றோடொன்று முரண்பட்ட அந்தப் பட்டியல்கள் ஒரு புத்தகத்தைப் பற்றிய பல வாசிப்புகளாக நின்றன.

இதை எழுதும்போதே சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் எதிரில் வந்து நிற்கிறார். கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். இந்தப் பட்டியல் வேலையில் மனிதக் கைகள் வீணாவதைக் கண்டு அவரைப்போல் வருந்தியவர்கள் குறைவு. ஒரே புத்தகத்துக்கு நாடெங்கும் தனித்தனியாக அட்டை எழுதுவதை அவர் விரயம் என்றே கருதினார். புத்தகம் அச்சாகி வெளிவருவதற்கு முன்பே, ஒரு மைய இடத்தில், அதற்குப் பகுப்பு எண்ணும் பட்டியல் பதிவும் போட்டுவிட வேண்டும் என்றார். பிறப்பதற்கு முன்னால் செய்யும் பட்டியலாக்கம் என்று அதற்குப் பெயரே வைத்தார். 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பு முறையில் ஒரு புத்தகத்தின் எண்ணை அமைத்துவிட்டால், அந்த எண்ணைக் கடைசியிலிருந்து கண்ணி கண்ணியாகக் கழற்றிக்கொண்டே வந்து பொருள் தலைப்புகளைப் பெற்றுவிடலாம். இதற்குத் தனியாக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு முறைப்படி செய்துகொண்டே போகலாம். கணினிக்கு முன்பே கணினிக்கான வழிமுறையை எழுதிய மனம் அது. ஆகவே ரங்கநாதன் இன்று இருந்தால் இந்த இயந்திரத்தை எதிர்த்திருப்பார் என்று நினைக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. வரவேற்றிருப்பார். ஆனால் எதற்காக வரவேற்றிருப்பார் என்பதில்தான் என் சந்தேகம் வந்து முட்டுகிறது. 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஊழியரின் கையை அட்டையிலிருந்து விடுவித்தால் அந்தக் கை வாசகரிடம் வரும், வாசகருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நின்று இருவரையும் சேர்த்துவைக்கும் என்பது அவர் கனவு. மிச்சமான நேரம் எங்கே போயிற்று? நான் பார்த்த இடங்களில் மிச்சமான நேரத்தோடு மிச்சமான ஆளும் போய்விட்டார். ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படவில்லை, கணினி இருக்கிறதே என்றார்கள். ரங்கநாதன் செய்த கணக்கில் இந்தக் கழித்தல் இல்லை.

தமிழ்ப் புத்தகத்தின் கதை இதில் இன்னும் சுற்றுவழி. அமெரிக்கா இந்தியாவுக்குக் கொடுத்த கோதுமையின் விலை ரூபாயாகக் குவிந்துகிடந்தது. பி.எல். 480 என்ற அந்தச் சட்டத்தின் கீழ், 1962 முதல், அந்த ரூபாயில் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பினார்கள். நம்மூரில் படித்துவிட்டு எடைக்குப் போட்ட நாவல்கள் சிகாகோவில் பைண்டு செய்யப்பட்டு நிற்பது அப்படித்தான். அங்கே அவற்றுக்குப் பதிவு போடும்போது, ரோமன் எழுத்தைத் தவிர வேறெதையும் அறியாத கணினிக்கு ஏற்ப, தமிழ்த் தலைப்பு முழுவதும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு எழுதப்பட்டது. அந்த முறை எழுத்துக்கு எழுத்து கறாரானது. தமிழில் 'க' ஒன்றே என்பதால் அதற்கு ரோமனிலும் ஒரே எழுத்துதான். அதன்படி காந்தியைப் பற்றிய தமிழ்ப் புத்தகத்தை 'ஜி'யில் தேடினால் அகப்படாது, 'கே'யில் தேடவேண்டும். காந்திக்கு நடுவில் 'டி-எச்' வராது, வெறும் 'டி'. சங்கத்தை 'எஸ்'ஸில் தேடக்கூடாது, 'சி'யில் தேடவேண்டும். பாரதி 'பி'யில் தொடங்கமாட்டார், ஆங்கிலத்தில் பாப்பாவுக்கு வரும் எழுத்தில்தான் தொடங்குவார். இதைக் குறை சொல்ல முடியாது. ஒரு எழுத்தும் நழுவாமல் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்துவிடக்கூடிய முறை அது. ஆனால் தமிழில் பிறந்து தமிழில் படித்தவருக்குத் தன் மொழிப் புத்தகத்தைக் கண்டுபிடிக்க ஓர் ஆராய்ச்சியாளரின் பயிற்சி தேவைப்பட்டது. 1980களில் சீனமும் ஜப்பானியமும் கொரியமும் தத்தம் எழுத்தோடு அந்தப் பதிவுகளுக்குள் நுழைந்தன, பிறகு அரபும் எபிரேயமும். தமிழ் இன்னும் பல ஆண்டுகள் வாசலில் நின்றது. அட்டைக் காலத்தில் ஒரு பேனா போதும், எந்த எழுத்தையும் எழுதிவிடலாம். முன்னேறிய கருவி பேனாவைவிடக் குறைவாக எழுதத் தெரிந்திருந்த ஒரு காலம் இருந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

இங்கேயும் வேறு வகையில் அதுவே நடந்தது. யுனெஸ்கோ இலவசமாகக் கொடுத்த சிடிஎஸ்-ஐசிஸ், பிறகு நியூசிலாந்தில் உருவாகி 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய கோஹா, நம் அரசின் இ-கிரந்தாலயா என்று மென்பொருள்கள் வந்தன. யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழைத் தட்ட ஊருக்கொரு எழுத்துரு. அந்த எழுத்துரு நிறுவிய கணினியில் பார்த்தால் தமிழ், இல்லாத கணினியில் பார்த்தால் ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. தலைப்பைத் தமிழில் போட்டுக் கஷ்டப்படுவானேன் என்று ஆங்கில எழுத்தில், காதுக்குத் தோன்றியபடி தட்டியவர்கள் நிறையப் பேர். யூனிகோடு வந்தும் வரிசைச் சிக்கல் தீரவில்லை. தமிழ் நெடுங்கணக்கில் 'ல' முன்னால், 'ன' கடைசி. யூனிகோடு அட்டவணையில் 'ன'வை 'ந'வுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த எண்களை மட்டும் நம்பி வரிசைப்படுத்தும் மென்பொருளில் 'மன்னன்' முன்னால் வரும், 'மலர்' பின்னால் போகும். 'தளம்' வந்த பிறகுதான் 'தவம்' வரும். பள்ளிக்கூடத்தில் அகராதி பார்க்கக் கற்ற பிள்ளை திரையில் தேடிவிட்டு இல்லை என்று எழுந்துபோகும். தமிழுக்கான வரிசை விதியை மென்பொருளில் சேர்த்தால் இது சரியாகிவிடும், அதற்கான வழிகள் இருக்கின்றன. ஆனால் சரியில்லை என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டுமே. கம்பியை உருவுவதற்கு முன் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்த அந்த மூத்தவரின் நாற்காலி காலியாக இருக்கிறது. ஆசிரியர் பெயர்களில் இது இன்னும் கண்கூடு. உ.வே. சாமிநாதையர், சாமிநாதையர் உ.வே., சுவாமிநாத ஐயர், உ.வே.சா. என்று தட்டியவர் தட்டியபடி ஒரே மனிதர் நான்காகப் பிரிந்து நிற்பதைத் தமிழ்த் தரவுகளில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். 'சொ. விருத்தாசலம்: புதுமைப்பித்தன் என்பதைக் காண்க' என்று ஓர் அட்டை எழுதி இழுப்பறையில் வைத்தவர் இந்தப் பிரிவை ஒரே வரியில் தீர்த்துவைத்திருந்தார். கணினியால் அதை அவரைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்யமுடியும். ஆனால் அந்த வரியை யாராவது ஒருவர் முதலில் எழுதவேண்டும்.

அட்டைகளிலிருந்து கணினிக்கு மாற்றியபோது என்ன விடுபட்டது என்பதற்கு ஓர் அட்டையைச் சொல்கிறேன். கல்லூரி நூலகம் ஒன்றில், கழித்துக்கட்டிய இழுப்பறை ஒன்றிலிருந்து எடுத்துப் பார்த்தது. ஓரம் பழுப்பேறி, மேல் விளிம்பு விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அடிக்கடி புரட்டப்பட்ட அட்டைகள் அப்படித்தான் கறுக்கும். உள்ளூர் வரலாறு பற்றிய ஒரு பழைய நூல். முன்பக்கத்தில் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம் இல்லாததால் அச்சகத்தின் பெயர், பக்கம். அடியில் பென்சிலில் 'கடைசி 8 பக்கம் இல்லை'. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், நீல மையில், 'பிழைதிருத்தம் பைண்டிங்கில் முன்னால் சேர்ந்துவிட்டது, பார்க்க'. பின்பக்கத்தில் மூன்று பொருள் தலைப்புகள், ஒன்று அடிக்கப்பட்டு வேறொன்று எழுதப்பட்டிருந்தது. ஒருவர் முடிவெடுத்தார், இன்னொருவர் அதை ஏற்கவில்லை. இத்தனையும் ஓர் அட்டையில். அதே நூலுக்குக் கணினியில் இருந்தது தலைப்பு, ஆசிரியர், எண். பதிவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி வெளியாட்களிடம் ஒப்படைக்கும்போது, தட்டுகிறவர் அட்டையின் முன்பக்கத்தைத்தான் தட்டுவார். பின்பக்கத்தைத் திருப்பு என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. அவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் நிக்கல்சன் பேக்கர் 1994இல் நியூயார்க்கர் இதழில் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, அட்டைகளை நூலகங்கள் தூக்கியெறிவதைக் கண்டு வெகுண்டது. அப்போது அவரைப் பழமைவாதி என்றார்கள். அவரோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அட்டை என்ற பொருளின் மீது அவருக்குள்ள காதல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஆனால் அட்டை ஒரு கையெழுத்துப் பிரதி, தலைமுறைகள் மாறி மாறி எழுதிச் சேர்த்த பிரதி என்பதில் அவர் சரி.

மறுபக்கத்தையும் நான் மறக்கவில்லை. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் பட்டியல், அந்த இடத்தோடு அழியும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின என்று எல்லோரும் சொல்கிறோம். எண்ணைச் சொல்கிற அளவுக்குப் பெயர்களைச் சொல்ல நம்மால் முடிகிறதா? ஒரு பதிவு பத்து ஊர்களில் இருப்பதன் அருமை தீயின் எதிரில்தான் தெரிகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததை, 1992இல் அவர் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியும் கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்து, திறந்து பார்த்து, உலகம் ஏற்கும் வடிவில் பதிவு எழுதினார்கள். அந்தப் பதிவு எந்த ஊர்த் திரையிலும் வரும், எழுதியவர்கள் இருக்கும் அறை நம்மூரில் இருக்கும். இயந்திரமும் மேஜையும் ஒன்றையொன்று தின்றாக வேண்டும் என்று விதி ஏதுமில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அதுதான். அப்படியானால் மற்ற இடங்களில் மேஜை காலியானதற்கு இயந்திரத்தைக் காரணம் காட்டுவது பொய்யாகிவிடுகிறது. இந்த இடத்தில் என் சங்கடம் இன்னும் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இயந்திரம் எடுத்துக்கொண்டது என்றால் ஆற்றாமையோடு முடிந்துவிடும். நாமே கைவிட்டோம் என்றால் யார், எப்போது, எந்தக் கோப்பில் கையெழுத்திட்டு என்று கேட்டாக வேண்டும்.

மார்க் பதிவில் 040 என்ற எண்ணுடைய ஒரு புலம் உண்டு. வாசகர் திரையில் பெரும்பாலும் அது தெரியாது. இந்தப் பதிவை முதலில் உருவாக்கிய நூலகம் எது, அடுத்தடுத்துத் திருத்திய நூலகங்கள் எவை என்பது சங்கேத எழுத்துகளாக அதில் அடுக்கப்பட்டிருக்கும். அட்டையின் பின்பக்கம் என்று இப்போது சொல்லத்தக்கது அது ஒன்றுதான். ஆனால் அதில் நிறுவனங்கள் மட்டுமே உண்டு, ஆட்கள் இல்லை. ஒரு புத்தகத்தின் உள்ளடக்கத்தை இயந்திரமே படித்துப் பொருள் தலைப்பைப் பரிந்துரைக்கும் நிலைக்கு இப்போது வந்திருக்கிறோம். அது ஒப்பாரியைச் சமயம் என்று சொன்னால் அந்தப் புலத்தில் எந்தச் சங்கேதம் வரும்? இதைவிட என் மனதுக்கு நெருக்கமான கவலை சிறுபத்திரிகைகள். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' பட்டியலில் ஒரே ஒரு பதிவு. உள்ளே எத்தனை கவிஞர்கள் முதல்முதலாக அச்சேறினார்கள், எந்த இதழில் எந்த விவாதம் தொடங்கி எந்த இதழில் முடிந்தது என்பது அந்த ஒற்றைப் பதிவுக்குத் தெரியாது. மாதம் போடாத இதழ்கள், இரட்டை இதழ்கள், எண் தவறிய இதழ்கள், இரண்டு வருடம் நின்று மறுபடி வந்தவை என நம் சிறுபத்திரிகைகளில் ஏராளம். ஐஎஸ்பிஎன்னைத் தட்டி எடுக்க இவற்றுக்கு எண்ணே கிடையாது. படியெடுக்க வேறெந்த ஊரிலும் பதிவும் கிடையாது. அட்டைக் காலத்தில் ஆர்வமுள்ள ஒரு நூலகர் கட்டுரைக்கொரு அட்டை எழுதி வைத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இப்போது கருவி இருக்கிறது, இடப் பஞ்சம் இல்லை, தட்டச்சுக்கு ஏழு பிரதி தேவையில்லை. ஒரு பத்திரிகையின் அத்தனை இதழ்களையும் அடுக்கிவைத்து, உள்ளடக்கம் அச்சிடாத இதழ்களில் பக்கம் பக்கமாகப் புரட்டி, புனைபெயருக்குள் இருப்பவர் யார் என்று விசாரித்து எழுதுவதற்கு ஒரு மேஜையும், மாதச் சம்பளமும், கணக்குக் கேட்காத சில வருடங்களும் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்தில் அப்படி ஒரு மேஜையைப் போட நூலகத் துறைக்கு ஆகும் செலவு, ஒரு கணினி அறைக்குக் குளிர்சாதனம் போடும் செலவைவிட அதிகமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.